தண்ணீர் ஏன் நாறவில்லை என்று கேட்டவருக்கு

போதும், பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது. இனியும் மூடியிருந்தால் அது வெறும் அற்பத்தனம்.

சென்ற திங்கட்கிழமை உங்கள் மகன் என் ஜன்னலுக்கு வந்தார். நகராட்சிக் கட்டடத்தின் பின்புறம், வண்டிக் கொட்டகையை ஒட்டியிருக்கும் பிறப்பு இறப்புப் பதிவு அறையின் ஜன்னல். கையில் நாலாக மடித்த ஒரு தாள். "அப்பா தவறிட்டாருங்க" என்றார். நான் பதிவேட்டைத் திறந்து, பேனாவில் மை நிரப்பி, பெயர், தகப்பனார் பெயர், வயது, தெரு, காரணம் என்று கட்டம் கட்டமாகக் கேட்டு எழுதினேன். தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது, "பனியன் கம்பெனியில செக்கருங்க, துணியில ஓட்டை பாக்கற வேலை" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "முன்னாள் கவுன்சிலருன்னும் போடலாமுங்களா?" என்று கேட்டார்.

"ஒரு தொழிலுக்குத்தான் இடம்" என்று சொல்லிவிட்டேன்.

அப்படி ஒரு விதி கிடையாது. நாக்கு தானாகச் சொல்லியது. அவர் தலையாட்டிவிட்டுப் போன பிறகு, அந்தப் பக்கத்தின் மை காயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். செத்த பிறகும் உங்களுக்கு ஒரு வார்த்தையைக் கொடுக்க என் கை வரவில்லை. என்ன மனிதன் நான் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மாலை உங்களுக்கு இரங்கல் கூட்டம். நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உங்களைச் சிங்கம் என்றார்கள், தூண் என்றார்கள். தொழிலாளருக்காகச் சிறை சென்றதைச் சொன்னார்கள். மன்றத்தில் உங்களைப் பார்த்து அதிகம் சிரித்த அந்தப் பஞ்சாலைக்காரக் கவுன்சிலர் மேடையில் ஏறித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீரைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள், மற்றவர்களுக்குத் தெரியாது. முழுவதும் தெரிந்தவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கோயமுத்தூரில் பி.ஏ. படித்தவன். அந்த நகராட்சி அலுவலகத்தில் அன்று பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். மானேஜர் நாற்காலி எனக்கு வரவேண்டியது, எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை தவறியவனுக்குப் போயிற்று, அவன் யாருக்கோ மைத்துனன் என்பதால். எனக்கு வரவேண்டிய குவார்ட்டர்ஸ் ஓவர்சீயருக்குப் போயிற்று. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மனசில் அன்று யார் யார் மேல் என்னென்ன கடுப்பு இருந்தது என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். எனக்குத்தான் உங்களுக்குத் தெரியும் என்பது தெரியாமல் போயிற்று.

எனக்குக் கொடுத்த வேலை மன்றப் பிரிவு. உறுப்பினர்கள் எழுதி அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பது. தலைவர் அதைக் கூட்டத்தில் படிப்பார். பதவி கிடைக்காத படிப்பையெல்லாம் நான் அந்தப் பதில்களில் இறக்கினேன். பதில் சொன்னது போலவும் இருக்க வேண்டும், ஒன்றும் சொல்லாமலும் இருக்க வேண்டும். "பரிசீலனையில் உள்ளது." "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது." இப்படி எழுதுவதில் எனக்கு ஈடு இந்த வட்டாரத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேர்தலில் எதிர்வரிசையில் நான்கு பேர் ஜெயித்து வந்தீர்கள். ஒருவர் ஆறு மாதத்தில் அந்தப் பக்கம் போனார். அடுத்தவர் தம்பிக்கு வேலை கிடைத்ததும் போனார். மூன்றாமவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்தினார். எஞ்சியது நீங்கள். நீங்கள் தீர்மானம் கொண்டுவருவீர்கள், தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வழிமொழியறவங்க ஆராச்சும் இருக்கீங்களா?" என்று மெதுவாக, சுவர் சுவராகப் பார்த்துக் கேட்பார். காந்தி படத்தைக்கூட ஒரு முறை பார்த்தார். சபை சிரிக்கும். தீர்மானம் விழும். ஒரு வருடம் இப்படியே போனது.

பிறகு ஒருநாள் நீங்கள் என் மேஜைக்கு வந்தீர்கள். அழுக்கேறிய வெள்ளைச் சட்டை, அதன் தோள்களில் பஞ்சுத் தூசி.

"ஏனுங்க சார், தீர்மானத்துக்குத்தான் வழிமொழிய ஆளு வேணும். கேள்வி கேக்கறதுக்கு?"

"கேள்விக்கு வேண்டியதில்லை."

"ஒருத்தனே கேக்கலாமுங்களா?"

"கேட்கலாம்."

"அப்ப அதையே கேக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று முதல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உங்கள் கேள்விகள் வரும். பனியன் பெட்டி அட்டையைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில், பென்சிலால். ஏழாவது வரை படித்த கையெழுத்து. "வந்துட்டாருங்கோ கேள்வி மிராசுதாரு" என்று பஞ்சாலைக்காரர் கத்துவார். நீங்கள் அவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவீர்கள்.

அப்போது நம் ஊர்க் குடிநீரைப் பற்றி எல்லோருக்கும் ஒரே புகார், பிளீச்சிங் பவுடர் நாற்றம். வேறு ஊரில் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இங்கே பாதி ஊர் சலவைப் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் பகலெல்லாம் அதே நாற்றத்தில் நிற்கிற ஊர். துணியை வெளுக்கிற பவுடர்தான் தண்ணீரையும் சுத்தம் செய்கிறது என்பது படித்தவனுக்கு ஒரு செய்தி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சொம்பை வாயில் வைக்கிறவனுக்கு, பட்டறை வீடு வரை துரத்தி வந்துவிட்டது போல இருக்கும். காப்பி நாறுகிறது, சோறு நாறுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு தை மாதத்தில் நாற்றம் நின்றுவிட்டது.

ஊருக்கே திருவிழா மாதிரி. அந்தக் கூட்டத்தில் பஞ்சாலைக்காரர் எழுந்து, "நம்ம தலைவரு கை வெச்ச நேரமுங்க, தண்ணி ஊத்துக்குளி மோராட்டமா இனிக்குதுங்க" என்றார். பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். அதற்கு வழிமொழிய ஏழு பேர் ஒன்றாக எழுந்தார்கள். உங்கள் சொந்த வார்டிலிருந்து, அந்த ஆற்றோரத் தெருக்களிலிருந்து, பெண்களே வந்து தலைவருக்கு மாலை போட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் உங்கள் அட்டை வந்தது. ஒரே கேள்வி. "நம் ஊர்க் குடிநீரில் பிளீச்சிங் பவுடர் மணம் இல்லாதது ஏன்?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். மானேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கும் அவனுக்கும் பேச்சே கிடையாது, அன்றைக்குப் பேசினேன். பிறகு உட்கார்ந்து பதில் எழுதினேன். "மருந்து நாள்தோறும் மேல்நிலைத் தொட்டியில் விதிப்படி கலக்கப்படுகிறது. தண்ணீரில் நாற்றம் இல்லை என்று பொதுமக்களிடமிருந்து புகார் ஏதும் வரவில்லை."

தலைவர் அதைப் படித்தபோது மன்றம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பத்திரிகைக்காரர் ஒருவர் பெஞ்சைத் தட்டினார். அந்த வாக்கியம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சேவகன்கூட என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என் முப்பத்தைந்து வயது வரை எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். உங்களைப் பார்த்தேன். நீங்கள் அந்தப் பதிலை அட்டையின் பின்புறத்தில் அப்படியே எழுதிக்கொண்டிருந்தீர்கள், ஒரு சொல் விடாமல்.

அவமானம் உங்கள் தெருவுக்கு உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் பக்கத்துத் தெருவில் குடியிருந்தேன், காதில் விழாமல் போகாது. "ஏனுங்ண்ணா, நாங்க நல்ல தண்ணி குடிச்சா உங்களுக்குப் பொறுக்காதுங்களா?" என்று குழாயடியில் ஒரு பெண் கேட்டார். "எதிர்க்கட்சின்னா எல்லாத்துக்குமா எதிர்த்துக்கிட்டு நிப்பாங்கோ?" என்று இன்னொருவர். உங்கள் வீட்டம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் குழாய்க்குப் போக ஆரம்பித்தார். நீங்கள் மட்டும் அந்தப் பெண்களிடம், "தண்ணியக் காய்ச்சிக் குடிங்கம்மிணி, எனக்காவ ஒரு பத்து நாளைக்கு" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனீர்கள். விறகு என்ன விலை என்று கேட்டார்கள்.

வெயில் ஏறியது. சித்திரையில் உங்கள் தெருவில் வாந்திபேதி வந்தது. முதலில் தறி நெய்யும் ஒரு முதியவர். இரண்டு நாள் கழித்து ஒரு சின்னப் பெண். குழாயடியில் உங்களைக் கேள்வி கேட்டாரே, அவருடைய மகள். ஊசி போட ஆட்கள் வந்தார்கள். மன்றத்தில் நீங்கள் எழுந்து, தொட்டியில் மருந்து கலக்கவே இல்லை என்று சொன்னீர்கள். "ஆத்துத் தண்ணிய மோந்து குடிச்சிருப்பாங்கோ. உறுப்பினர் ஆதாரம் இல்லாமப் பேசக்கூடாது" என்றார் தலைவர். நான் அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். என் கை நடுங்கியது என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை.

அந்த நாட்களில் நீங்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். டீக்கடையில் அது ஒரு வேடிக்கை. "கவுன்சிலரு தொட்டி மேல இருக்கற கொக்குக்குக் காவலுங்க" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு வந்த அட்டையில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை. "மேல்நிலைத் தொட்டியின் இரும்பு ஏணி எந்த நிலையில் உள்ளது? பழுதாயிருந்தால் எப்போதிலிருந்து? பழுது பார்க்கத் தாமதம் செய்த அலுவலர் யார்?"

கடைசி வரியைப் படித்ததும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. தாமதம் செய்தவர் ஓவர்சீயர். என் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிற ஓவர்சீயர். ஏணியைப் பற்றித் தொட்டிக் காவலாளி இரண்டு முறை எழுதிக் கொடுத்த மனு அவர் மேஜையில் தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று நான் எழுதவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முழுப் பதில் எழுதினேன். "ஏணியின் நடுப்பகுதியில் ஆறு படிகள் முறிந்துள்ளன. கடந்த ஐந்து மாதங்களாகத் தொட்டியின் மேல் எவரும் ஏற இயலாத நிலை உள்ளது. இது குறித்துக் காவலாளி இருமுறை எழுத்துமூலம் தெரிவித்தும் ஓவர்சீயர் நடவடிக்கை எடுக்கவில்லை." எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தேன் மாதிரி இருந்தது. கமிஷனர் படிக்காமலே அனுப்பினார்; ஏணிதானே.

அந்தக் கூட்டத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். தலைவர் பதிலைப் படித்தார். ஓவர்சீயர் முகம் வெளுத்தது; எனக்குச் சந்தோஷம். நீங்கள் எழுந்தீர்கள். சட்டைப் பையிலிருந்து பழைய அட்டை ஒன்றை எடுத்தீர்கள்.

"தலைவருங்களே, ரெண்டு பதிலையும் சேத்திப் படிச்சுட்டு நான் உக்காந்துக்கறனுங்க" என்றீர்கள். "போன மாசியில ஆபீஸ் குடுத்த பதில்: மருந்து நாள்தோறும் மேல்நிலைத் தொட்டியில் விதிப்படி கலக்கப்படுகிறது. இன்னிக்கு ஆபீஸ் குடுத்த பதில்: கடந்த ஐந்து மாதங்களாகத் தொட்டியின் மேல் எவரும் ஏற இயலாத நிலை உள்ளது."

உட்கார்ந்துவிட்டீர்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பஞ்சாலைக்காரர் தலைவரையே பார்த்தார். நீங்கள் ஒரு குற்றச்சாட்டும் சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை. வழிமொழிய ஒருவரையும் கேட்கவில்லை. இரண்டு வாக்கியங்கள், இரண்டும் நான் எழுதியவை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தீர்கள், அவ்வளவுதான். ஒரு நகராட்சி முழுவதும் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டது.

கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது மலைப்பு. கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல நின்றேன் என்றால் நம்புவீர்களா?

மறுநாளே புது ஏணி வந்தது. மருந்து தொட்டிக்குள் போயிற்று. அதுவரை அந்த மூட்டைகள் யாருடைய சலவைப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கோப்பிலும் இல்லை. மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. காவலாளி ஏழை, அவனைச் சொல்ல முடியாது என்று விட்டார்கள். ஓவர்சீயருக்கு மேலிடத்தில் மாமனார் இருந்தார். 'முன்னுக்குப் பின் முரணான பதில்களைக் கவனக்குறைவாகத் தயாரித்த எழுத்தர்' என்று என்னைப் பிடித்தார்கள். ஊதிய உயர்வு நின்றது. மன்றப் பிரிவிலிருந்து தூக்கி வண்டிக் கொட்டகையை ஒட்டிய இந்த அறையில் போட்டார்கள். பொய் எழுதியபோது கைதட்டல். உண்மை எழுதியபோது தண்டனை. அதற்கு நான் உங்களைத்தான் பொறுப்பாக்கினேன். என்னை ஏமாற்றி எழுத வைத்தீர்கள் என்று வீட்டில் சொன்னேன், உறவுக்காரர்களிடம் சொன்னேன், தனியாக நடக்கும்போதும் சொல்லிக்கொண்டேன்.

உங்களுக்கு என்ன கிடைத்தது? சில மாதங்களில் தேர்தல் வந்தது. தண்ணீரில் பழைய நாற்றம் திரும்ப வந்திருந்தது. மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு உங்கள் தெருவில் கத்தினார்கள்: "தாய்மார்களே, மோர்த் தண்ணிய நாத்தத் தண்ணியா மாத்துனது ஆருங்க?" நீங்கள் குழாயடியில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் குடித்து, முகத்தைச் சுளித்தீர்கள். "நாறுதுங்க. நான் இல்லீன்னு சொல்லலீங்க. இது நாறுற வரைக்கும் நீங்க நல்லா இருப்பீங்க. என்னிக்காச்சும் தண்ணி இனிச்சுதுன்னா, அன்னிக்கு ஆரையாச்சும் புடிச்சுக் கேளுங்க. நாந்தான் கேக்கோணும்னு இல்லீங்க."

சிலர் சிரித்தார்கள். மகளைப் பறிகொடுத்த அந்தத் தாய் மட்டும் சிரிக்கவில்லை; தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உங்களையே பார்த்தார். அவர் ஓட்டு உங்களுக்கு விழுந்திருக்கும். அது போதவில்லை. வாக்கு எண்ணும் மேஜையில் நான் வேலையாக இருந்தேன். முடிவு சொன்னதும் ஜெயித்தவருக்குக் கை கொடுத்துவிட்டு, மேஜையில் இருந்த எங்கள் ஆறு பேருக்கும் தனித்தனியாக, "ரொம்ப நேரம் உக்காந்துட்டீங்க, சாப்புடுங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் தலை நிமிரவில்லை.

தோற்ற பிறகுதான் நீங்கள் முதல்முறையாக இந்த ஜன்னலுக்கு வந்தீர்கள்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"என்ன வேண்டும்?"

"மன்னிப்புக் கேக்க வரலீங்க. கேட்டது சரியான கேள்விதானுங்க. ஆனா அடி உங்க மேல உளுந்துருச்சு. அதைப் பாக்காமப் போறது முறை இல்லீங்க."

"ஏணி உடைந்தது உங்களுக்கே தெரியும். கண்ணால் பார்த்தீர்கள். அதை எழுந்து சொல்லியிருக்கலாமே. என்னை எதற்கு இழுத்தீர்கள்?" நான் கத்தியிருக்க வேண்டும்; வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள். "நான் சொன்னா எதிர்க்கட்சிக்காரன் பேச்சுங்க. நீங்க எழுதுனா ஆபீஸ் பேச்சு. துணியைத் தட்டையா வெச்சுப் பாத்தா ஓட்டை தெரியாதுங்க சார். உள்ளாற கையை உட்டு, அதோட துணியிலயே விரிச்சுக் காட்டோணும்."

"ஓவர்சீயர் பெயரை ஏன் கேட்டீர்கள்?"

உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரைப் பத்தின்னா நீங்க ஒண்ணு உடாம எழுதுவீங்கன்னு தெரியுமுங்க."

அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பன்னிரண்டு வருடம் பழி வாங்கினேன். ஏழாவது படித்தவர் பி.ஏ. படித்தவனை உள்ளே கை விட்டு விரித்துப் பார்த்துவிட்டார். என் பதவி போனதைக்கூட மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

எனக்காக நீங்கள் மேலிடத்துக்கு மனுப் போட்டதும் உண்டு. அதற்கு வந்த பதிலைக் கொண்டுவந்து காட்டினீர்கள். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." "நம்ம கைவண்ணமாட்டமே இருக்குதுங்க சார்" என்றீர்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வைகாசியிலும் வந்தீர்கள். ஒரே கேள்விதான். "இந்த வருசம் எங்க தெருவுல எப்படிங்க சார்? வாந்திபேதின்னு ஏதாச்சும் எழுதுனீங்களா?" நீங்கள் இப்போது உறுப்பினரும் இல்லை, உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று நான் வைத்துக்கொண்டேன். விண்ணப்பம் கொடுங்கள் என்றேன். கொடுத்தீர்கள். "அவ்வாறான விவரம் தெரு வாரியாகத் தொகுக்கப்படவில்லை" என்று எழுதித் தந்தேன். அது பொய்யும் இல்லை. நீங்கள் அதை அட்டையில் எழுதிக்கொண்டு, "செரிங்க சார், அடுத்த வருசம் வாரனுங்க" என்றீர்கள். போன வைகாசியில் மகன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தீர்கள். மூச்சு வாங்கியது. "சாப்பாட்டு நேரம்" என்று சொன்னேன். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

இந்தப் பக்கங்களைப் பார்ப்பவன் இந்த ஊரில் நான் ஒருவன். எனக்குத் தண்டனையாகக் கொடுத்த அறையில்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இருந்தது, என் கைக்கடியில். இதோ சொல்கிறேன், விண்ணப்பம் வேண்டாம். அந்த ஏணி வந்த பிறகு, இத்தனை கோடையிலும், உங்கள் ஆற்றோரத் தெருக்களில் அந்த நோயின் பெயரை நான் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். அவரும் பழனிக்கு நடந்துபோன இடத்தில் வாங்கி வந்தவர். அதற்கு முந்தைய பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கி, கோடை மாதங்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகு இந்தப் பக்கங்களைப் பார்த்தால், பெரிய மலையை யாரோ சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தது போல இருக்கிறது. சாகாதவர்களுக்குப் பதிவேடு கிடையாது. அவர்கள் தெருவில் நடக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், குழந்தை பிறந்தால் பதிய என் ஜன்னலுக்கு வருகிறார்கள். உங்களைத் தோற்கடித்தவர்களின் பிள்ளைகள். "தண்ணி நாறுதுங்க சார், மனுக் குடுத்தா நடக்குமுங்களா?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

இதை ஒரு வரியில் உங்களிடம் சொல்லியிருக்கலாம். போன வைகாசியில், மணி பதினொன்றுக்கு.

இப்போது மன்றமே இல்லை. கலைத்துவிட்டார்கள். தனி அலுவலர் ஒருவர் தனியறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார். நல்ல மனிதர்தான், அவரிடம் கேள்வி கேட்க ஆளில்லை. அவரைத் திட்டக்கூட ஆளில்லை. அந்தச் சிரிப்புச் சபையே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றும் காலம் வரும் என்று நினைக்கவே இல்லை.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. இறப்பைப் பதிய வருகிறவர்களிடம் காரணம் கேட்டதோடு நான் விடுவதில்லை. எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது நாறியது என்று கேட்கிறேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பென்சிலால் ஓரத்தில் குறித்து வைக்கிறேன். இதைச் செய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கண்டால் மானேஜர் கண்டிப்பான். அவனை எனக்கு இன்னும் பிடிக்காது. 'புகார் ஏதும் வரவில்லை' என்ற வாக்கியத்தை மட்டும் என் கை அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எழுதியதில்லை.

உங்கள் மகன் கேட்ட அந்த இரண்டு சொற்களைத் தொழில் கட்டத்தில் நேற்றுச் சேர்த்துவிட்டேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்கே, உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். உங்கள் வீட்டம்மா பிரிப்பார். இல்லாவிட்டால் மகன் படித்துக் காட்டுவார். அடுத்த தெருக் குழாய்க்குக் குடம் தூக்கிப் போனவருக்கு, அது எதற்காக என்று தெரிய வேண்டும். அடியில் என் பெயரைப் போட்டால், எடுத்தவுடன் அதைத்தான் பார்ப்பார். பார்த்தால் மேலே ஒரு வரி படிக்காமல் அடுப்பில் போடுவார். போட அவருக்கு நியாயம் உண்டு. பெயர் இல்லாவிட்டால், யார் இது என்று தேடியாவது படிப்பார். நாலு வரியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும், தெரியட்டும். அதற்குள் கொஞ்சம் படித்திருப்பார். மீதியையும் படிக்காமல் விட மாட்டார்.

அதனால் கையெழுத்துப் போடவில்லை. உறையில் முகவரி எழுதியாயிற்று. பகல் தபால் எடுக்கிறவர் வருவதற்குள் போய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.